மூடி திறந்திருக்கும் வரை

அவர் நின்றுகொண்டிருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தது சோறு தின்னும்போது மட்டும். அதுவும் எங்கள் மெஸ்ஸின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்தை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல்.

முன்பக்கம் பெஞ்சு இருந்தது, மேசை இருந்தது, மின்விசிறி இருந்தது. அங்கே சுங்க இலாகா குமாஸ்தாக்களும் துணிக்கடைக்காரர்களும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரும் உட்கார்ந்து தின்றார்கள். எல்லாரும் காரைக்கால், பாண்டிச்சேரி ஆட்கள். மாரியம்மன் கோவிலிலிருந்து பெரிய சந்தை வரைக்கும் நடந்தால் சைகோன் தமிழர்களில் பாதிப்பேரைப் பார்த்து முடித்துவிடலாம். அத்தனை சின்னக் கூட்டத்திலும், ஒருத்தரைத் தள்ளிவைக்க ஒரு பின்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் நகராட்சியில் பாதாளச் சாக்கடை மேஸ்திரி. வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்தவர். வெள்ளைக்காரன் போன பிறகும் அதே வேலை. கொடி மாறியது, ஆபீஸ் வாசலில் பலகை மாறியது, குழாய்க்குள் போவது மாறவில்லை. எங்கள் ஆட்கள் அவரைச் 'சாக்கடை முசியே' என்றார்கள். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பின்னால் ஒரு ஐயாவைப் போட்டுவிட்டால் முன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைப்பு. அவரிடம் வேலை பார்த்த வியட்நாமிய ஆட்கள் அவரைச் 'சூ' என்று கூப்பிட்டார்கள். சூ என்றால் சித்தப்பா. அவர்கள் அதைக் கேலிக்குச் சொல்லவில்லை.

நாறுவார் என்றார்கள். பொய். எலுமிச்சம்பழத் தோலைப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் சாப்பிட வருவார். துணிக்கடைக்காரர்களின் வியர்வை நாற்றம் எனக்குத்தான் தெரியும். நான்தான் அவர்களுக்குக் குனிந்து குனிந்து குழம்பு ஊற்றினேன்.

மெஸ் என் அக்காவுடையது. அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வடக்கே செத்துப்போனான். அந்தப் பென்ஷனில் அடுப்பு வைத்தாள். தங்கை நான் அவளோடு இருந்தேன். அக்காவுக்கு அந்த மனுஷர் மேல் இருந்ததற்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. அவள் ஒரே ஒன்றுக்காகக் காத்திருந்தாள் என்று மட்டும் சொல்வேன். அவர் ஒருதடவையாவது கண்ணைத் தூக்கித் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் தெருவில் நின்றால் குழியைப் பார்ப்பார், சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்ப்பார்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அந்த மனுஷர் புரிவார்.

சைகோன் ஆறு கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் சாக்கடைக் குழாய்களுக்குள் திரும்பி வரும். வற்றத்தில் இறங்கும். இறங்குகிற நேரத்தில்தான் ஆட்கள் உள்ளே போய்த் தூர் எடுக்க முடியும். வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் குழாய், குனிந்து நடக்கிற உயரம். சேற்றை வாளியில் அள்ளிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவார்கள். மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே விளக்கு மங்குகிறதா, குரல் குழறுகிறதா, தண்ணீர் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பினால் கடப்பாரையை எடுத்துக் குழியின் இரும்பு விளிம்பில் தட்ட வேண்டும். அந்தச் சத்தம் குழாய் வழியாக வெகுதூரம் போகும். கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடிவர வேண்டும்.

மற்ற மேஸ்திரிகள் இதற்கு ஒரு கூலியாளை நிறுத்திவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் தானே நின்றார். வெயிலில், கடப்பாரையைத் தடி போல ஊன்றிக்கொண்டு, குழியின் வாயைப் பார்த்தபடி. நாம் பேசினால் பதில் சொல்வார். பார்க்க மாட்டார். பக்கத்தில் யானை போனாலும் பார்க்க மாட்டார். கடைசி ஆள் ஏறி வந்ததும் குழிக்குள் குனிந்து, அவர்கள் பாஷையில், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். எல்லாரும் எதிரிலேயே நிற்பார்கள். ஆனாலும் குழியிடம் கேட்பார். பதில் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூடியைத் தள்ளுவார்.

அது அவர் உடம்பில் ஊறிப்போயிருந்தது. கோவில் திருவிழாவில் கடைசி ஆள் போகும்வரை வாசலில் நிற்பார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. தமிழ்ப் படம் ஏதாவது வந்தால், படம் முடிந்து கொட்டகை காலியாகும்வரை கதவோரம் நிற்பார். டிக்கெட் கிழிப்பவன் அவரை ரகசியப் போலீஸ் என்று நினைத்துக் கட்டிப்பால் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். அவர் வாங்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு குமாஸ்தா செத்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் மண்ணைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் வெட்டியவர்கள் மண்வெட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போகும்வரை நின்றார்.

ஒரு கல்யாண வீட்டில் அக்கா கேட்டேவிட்டாள். பந்தி முடிந்து சமையல்காரர்கள் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டுலகூட மூடி காக்கறீங்களா?"

"பழக்கமாப் போச்சும்மா."

"பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளதான் இருக்காங்க. அவங்க வெளிய வர நாளாகும். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் சிரித்தார். தரையைப் பார்த்துச் சிரித்தார்.

கொட்டகையில் காப்பியை வாங்கவில்லை என்று சொன்னேன். சைகோனில் காப்பி குடிக்காத ஆளைப் பார்ப்பது கஷ்டம். ஒருநாள் அக்கா வெயிலில் நிற்கிறாரே என்று ஒரு தம்ளர் காப்பியைத் தூக்கிக்கொண்டு முனைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் குழியைப் பார்த்தபடியே கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"என்ன, காப்பி ஒத்துக்காதா?"

"ஒத்துக்கும். ஒரு தடவை, உள்ள ஆள் இருக்கறப்ப குடிக்கப் போனேன்."

அவ்வளவுதான் சொன்னார். அக்கா தம்ளரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அப்புறம் ஓரமாகக் கொட்டிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து அவருக்குக் கஞ்சித் தண்ணீர்தான் போனது.

இனி பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 

வீட்டுக்கு வீடு சாக்கடை வரி என்று ஒன்று இருந்தது. அதிலிருந்துதான் கயிறு, விளக்கு, வாளி, ஆள் கூலி எல்லாம். எங்கள் தெருவில் மாடி வீட்டுக்காரர்கள் யாரும் அதைக் கட்டவில்லை. எங்கள் வீட்டுக் குழாய் தெருக்குழாயோடு சேரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சேராத குழாய் எங்கே போகிறது என்று எவனும் கேட்கவில்லை. போலீஸ்காரர் மெஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பெருமையாகச் சொல்வார். "பிரெஞ்சுக்காரனுக்கே கட்டல நான். இவனுங்களுக்கா கட்டப்போறேன்?" என்பார். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்வார். தின்றதெல்லாம் நாளைக் காலையில் எங்கே போகிறது என்று அவருக்கு யோசனையே கிடையாது.

போர் முற்ற முற்ற ஊர் வீங்கியது. கிராமங்களில் குண்டு விழ, குச்சி என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்தும் டெல்டாவிலிருந்தும் சனங்கள் வந்து குவிந்தார்கள். கால்வாய்க்கு மேலேயே காலூன்றி வீடு கட்டினார்கள். குழாய் வாய் திறக்கிற இடத்திலேயே குடிசை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் எங்கே போவார்கள்? வெளிநாட்டுக்காரன் பணம் கொண்டுவந்து கொட்டினான். குடிதண்ணீருக்குக் கொட்டினான், ரோட்டுக்குக் கொட்டினான். வருகிற தண்ணீருக்கு எல்லாரும் பணம் கொடுப்பார்கள். நாடா கட்டி வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். போகிற தண்ணீருக்கு எவன் நாடா வெட்டுவான்?

மழைக்கு முன்னால், சித்திரை வெயிலில்தான் தூர் எடுத்து முடிக்க வேண்டும். வைகாசியில் மழை இறங்கிவிடும். வருஷா வருஷம் பங்குனியிலேயே இவர் ஆபீசுக்கு நடையாய் நடப்பார். கயிறு கேட்டால் பாதிக் கயிறு கொடுப்பார்கள். ஆள் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். ஒரு கட்டத்தில், சந்துகளுக்கெல்லாம் கூலி கிடையாது, பெரிய தெரு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மெஸ்ஸில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தாள். சாப்பிட்டுப் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் நம் சந்துக்காவது தூர் எடுத்துவிடலாம் என்று சொன்னாள். மாதக் கடைசியில் திறந்தோம். கால்சட்டைப் பொத்தான்கள் இருந்தன. செல்லாமல் போன பிரெஞ்சுக் காசுகள் இருந்தன. எவனோ ஒருத்தன் ஒரு மீன் முள்ளையும் போட்டிருந்தான்.

அக்கா டின்னைப் பின்பக்கம் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "பொத்தான் நல்ல பொத்தான்மா, எடுத்து வைங்க," என்றார். கோபமே வராதா இந்த மனுஷருக்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

அக்கா தன் கையிலிருந்து ஆட்களுக்குச் சோறு போட்டாள். அந்த வருஷம் எங்கள் சந்தில் தூர் எடுத்தார்கள். போலீஸ்காரரின் வீட்டு முன்னாலும் எடுத்தார்கள்.

டெட் என்கிற அவர்கள் புத்தாண்டுப் பண்டிகையில் ஊருக்குள் நடந்த சண்டைக்கு அப்புறம் ஊரில் எல்லாவற்றுக்கும் பயம். சாக்கடை வழியாக எவனாவது குண்டோடு ஏறி வந்துவிடுவான் என்று ஒரு பயம். ஒருநாள் யாரோ வெளிநாட்டுப் பெரிய மனிதர் சந்தைப் பக்கம் வருகிறார் என்று, பெரிய தெருவில் இருந்த சாக்கடை மூடிகளையெல்லாம் சிமெண்ட் வைத்துப் பூச உத்தரவு போட்டார்கள். காலையில் சந்தைக்குப் போன நானும் அக்காவும் அதைக் கண்ணால் பார்த்தோம். சிப்பாய்கள் தள்ளுவண்டியில் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூடியாகப் பூசிக்கொண்டு வந்தார்கள். கடைசி மூடி திறந்திருந்தது. பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

தலைமை அதிகாரி சின்ன வயசு. மூக்கில் கைக்குட்டை. "மூடு," என்றான்.

"ஆள் இருக்காங்க."

"யார் ஆள்?"

"நகராட்சி ஆள். தூர் எடுக்கறாங்க."

"வெளியே வரச் சொல்."

இவர் கடப்பாரையால் தட்டினார். உள்ளே வெகுதூரம் போயிருந்தார்கள். வர நேரமாகும் என்றார்.

"எங்களுக்கு நேரம் இல்லை. அந்தப் பக்கத்து மூடி வழியாக வரட்டும்."

"அதைத்தான் இப்ப பூசிட்டு வந்தீங்க."

பின்னால் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருப்பது எந்த ஆள் என்று யாருக்குத் தெரியும், நீ யாரை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கத்தினான். துப்பாக்கிக் கட்டையால் இவரை நெஞ்சில் தள்ளினான். இவர் தடுமாறினார். விழவில்லை. அப்புறம் கடப்பாரையைக் கீழே வைத்தார். வெளுத்த கால்சட்டையோடு குழியின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டார்.

"இப்ப பூசுங்க," என்றார்.

அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். கூட்டம் கூடிவிட்டது. பூக்காரிகள், சிக்லோ ரிக்‌ஷாக்காரர்கள், எல்லாரும். அப்போது குழிக்குள்ளிருந்து 'சூ' என்று ஒரு குரல் வந்தது. இவர் எழுந்து கையை நீட்டினார். ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள், தலையிலிருந்து கால்வரை கறுப்பாக. அதிகாரி நாலடி பின்னால் போனான். கடைசி ஆள் வந்ததும் இவர் குழிக்குள் குனிந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார். காத்திருந்தார். பிறகு நகர்ந்து நின்று, "பூசிக்கங்க," என்றார்.

பெரிய மனிதர் வந்து போனார். மழை வந்தது. பூசிய மூடிக்குக் கீழே இருந்ததெல்லாம் எங்கள் வீடுகளுக்குள் வந்தது. மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற இடத்தில் குபுகுபுவென்று ஏறி முன்பக்கம்வரை வந்தது. குமாஸ்தாக்கள் பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார்கள்.

"முசியே," என்று போலீஸ்காரர் பின்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "உன் வேலை இதானேய்யா? என்ன லட்சணத்துல பாக்கற?"

அவர் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனார். ஆபீசில் கேட்டால், அது ராணுவ உத்தரவு, எங்களால் கைவைக்க முடியாது என்றார்கள். மறுநாள் பட்டப்பகலில், தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கடப்பாரையை எடுத்துச் சிமெண்டை உடைத்தார். ஒரு மூடியை உடைத்துத் திறந்ததும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான்தான் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனேன். உதடு கிழிந்திருந்தது. சோற்றைப் பார்க்கவில்லை. என்னிடம், "மூடியத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேம்மா. யாராச்சும் விழுந்துடப் போறாங்க. என் சைக்கிள் செவுத்தோரமா நிக்குது. அத எடுத்துக் குழி பக்கத்துல படுக்கப் போடச் சொல்லுங்க," என்றார்.

அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். சைக்கிளைப் படுக்கப் போட்டாள். போட்டுவிட்டு வரவில்லை. அங்கேயே நின்றாள். தெருவில் முழங்காலளவு தண்ணீர் அந்தக் குழியைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அவருடைய ஆட்கள் வந்து சேரும்வரை அவள் அந்த வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் குடை கொண்டுபோய்ப் பேசினேன். என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள்.

பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் இருந்ததால் அவரைச் சில நாளில் விட்டுவிட்டார்கள். வந்த அன்று அக்கா முன்பக்க மேசையில் அவருக்குத் தட்டு வைத்தாள். மெஸ் நிறைய ஆள். தெருத் தண்ணீர் வடிந்து இவர்கள் வீடெல்லாம் காய்ந்திருந்தது அவர் உடைத்த ஒரு மூடியால்தான். ஒருத்தனாவது நகர்ந்து இடம் கொடுப்பான் என்று நான் பார்த்தேன். எல்லாரும் சோற்றையே பார்த்தார்கள். போலீஸ்காரர் மட்டும் நிமிர்ந்தார்.

"இது சரிப்படாது ஆச்சி. ஒரு முறை இருக்குல்ல."

இவர் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்புறம் தனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு அவளும் பின்பக்கம் போனாள். தரையில் உட்கார்ந்து அவர் எதிரில் தின்றாள். 

"தாலிய அறுத்துப்போட்டவ, ஊர் என்ன பேசும்னு யோசிச்சியா?" என்று போலீஸ்காரர் குரல் கொடுத்தார்.

"பேசுங்க. தின்னுட்டுப் பேசுங்க. பாக்கி சோறு ஆறிடும்," என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இரண்டு பேரும் பின்பக்கம். சிலர் வேறு மெஸ் பார்த்துக்கொண்டார்கள். போகட்டும். ஆனால் அப்போதும் அவர் தட்டைத்தான் பார்த்தார். அக்கா அவர் தலை உச்சியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். இத்தனைக்கும் பிறகு இன்னும் என்ன செய்ய வேண்டும் அவள்?

பிறகு அந்தச் சித்திரை வந்தது. வடக்கேயிருந்து சேனை இறங்கிவந்துகொண்டிருந்தது. ஊர் ஓட ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் பெட்டி கட்டினார்கள். யாரெல்லாம் முன்பக்கம் உட்கார்ந்து தின்றார்களோ அவர்களெல்லாம் முதல் விமானத்தில் போனார்கள். செட்டியார் கோவில் பக்கம், மாரியம்மன் கோவில் பக்கம், வீடு வீடாகப் பூட்டு. மெஸ்ஸில் ஈ ஓட்டினோம். அக்கா தூதரகத்தில் வெயிலில் நின்று மூன்று இடம் வாங்கினாள். அவளுக்கு, எனக்கு, அவருக்கு. அவரிடம் சொன்னாள். "பாக்கலாம்மா," என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் அவள் அவருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்தாள். பிரான்சில் குளிரும் என்று.

கிளம்புகிற அன்று காலை அவர் வரவில்லை. லம்ப்ரோ என்கிற மூன்று சக்கர வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் சந்தை முனையில் நின்றுகொண்டிருந்தார். மூடி திறந்திருந்தது. கையில் கடப்பாரை. தெருவில் ஆள் இல்லை. காகிதம் பறந்துகொண்டிருந்தது. அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நான் வண்டியிலேயே இருந்தேன். பேசுவது கேட்கிற தூரம்தான்.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் குழியைப் பார்த்துக்கொண்டே.

"ஒருத்தர் வரல," என்றாள் அக்கா.

அவர் கடப்பாரையை இடம் மாற்றி ஊன்றினார்.

"ஆபீசுல ஒரு ஆள் கெடையாது. கூலி கெடையாது. யாருக்காக எடுக்கறீங்க?"

"மழைக்கு அது தெரியாதுல்ல."

"தெரியாதுதான். உள்ள எத்தன பேரு?"

"ரெண்டு. இவங்கதான் மிச்சம்."

"அவங்க வெளிய வந்ததும் வாங்க. நேரம் இருக்கு. இல்ல, இப்ப ரூமுக்குப் போய் ஒரு துணிய எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன். குடுங்க."

கையை நீட்டினாள். அவர் கொஞ்சம் யோசித்தார். அந்தக் கடப்பாரையை அவர் வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. கொடுத்தார். அக்கா அதை ஊன்றிக்கொண்டு அவர் நின்ற இடத்தில் நின்றாள். அவரைப் போலவே, குழியின் வாயைப் பார்த்துக்கொண்டு.

அவர் ரூமுக்குப் போகவில்லை. ஓரடி தள்ளி நின்று அவளைப் பார்த்தார்.

நான் வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளிவு மறைவில்லாமல் பார்த்தார். நெற்றியை, காதோரம் நரைத்த முடியை, புடவைத் தலைப்பை, அந்தக் கடப்பாரையைப் பிடித்திருந்த கையை. இத்தனை வருஷம் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவளுக்குத் தெரியாது. உள்ளே ஆள் இருக்கும்போது கண்ணை எடுக்கக் கூடாது. அவள் எடுக்கவில்லை. அக்கா, திரும்பு என்று கத்த வாய் வந்தது. உள்ளே இரண்டு பேர். நான் கத்தவில்லை.

லம்ப்ரோக்காரன் ஹாரன் அடித்தான். இன்னொரு தடவை அடித்தான். அவர் ஓரடி முன்னால் வந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். கண் பழையபடி குழிக்குள் போய்விட்டது.

"நீங்க கெளம்புங்கம்மா. தண்ணி திரும்பற நேரம். நான் மழைக்கு முன்னாடி முடிச்சிட்டு வர்றேன்."

அக்கா கம்பளிச் சட்டையை எடுத்து அவர் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்து ஏறினாள். வண்டி தெரு முனையில் திரும்பியது. அப்புறம் கேட்டாள்.

"பாத்தாரா?"

"பாத்தாரு."

"எவ்வளவு நேரம்?"

"நீ நின்ன நேரம் பூரா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். விமானத்தில் எங்களுக்கு நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. யாரையும் அதில் உட்காரவிடாமல் அக்கா தன் கைப்பையை வைத்திருந்தாள்.

பிரான்சில் ஒரு தொழிற்சாலை ஊரில் எங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடுக்கு மாடி வீடு. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், சங்கிலியை இழுத்தால் எல்லாம் போய்விடும். எங்கே போகிறது என்று அங்கேயும் யாருக்கும் தெரியாது. வரி மட்டும் எல்லாரும் ஒழுங்காகக் கட்டினார்கள். போலீஸ்காரரும் அதே ஊரில்தான் இருந்தார். அவரும் கட்டினார். கட்டாவிட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அவர் வரவில்லை. அப்புறம் சைகோனில் எங்கள் சந்து முனையில் கடை வைத்திருந்த காரைக்கால் தையற்காரர் ஒருத்தர் வந்து சேர்ந்தார். கடைசியாக வந்தவர்களில் ஒருவர். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா மீன் குழம்பு ஊற்றிவிட்டு எதிரில் நின்றாள். கேட்கவில்லை. நான் கேட்டேன்.

"இருக்காரு," என்றார் தையற்காரர். "அதே ரூம்லதான். அவர்கிட்ட மிச்சமிருந்த ரெண்டு ஆளுல ஒருத்தன் குச்சிப் பக்கம் ஊருக்கே போயிட்டான், நெலத்தப் பாக்க. இன்னொருத்தன எங்கயோ காட்டத் திருத்த அனுப்பிட்டாங்க. புது ஆபீசு இன்னும் சரியா நடக்கல. அவரே எடுக்கறாரு."

"அவரேன்னா?"

"அவரே எறங்கறாரு. வயசான காலத்துல. வாளியையும் அவரேதான் இழுக்கறாரு. ஏறி வந்து இழுத்துக் கொட்டிட்டு, மறுபடி எறங்கறாரு."

"மேல யாரு நிக்கறா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தையற்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "யாரும் இல்லம்மா. மூடிய ஒதுக்கிட்டு, சைக்கிளப் பக்கத்துல படுக்கப் போட்டுட்டு எறங்குவாரு. அதுல ஒரு கம்பளிச் சட்டை மாட்டியிருக்கும். அந்த வெயிலுக்கு எதுக்குன்னு தெரியல."

அவர் சாப்பிட்டு முடித்துக் கிளம்பினார். அக்கா கதவுவரை போனாள். அவர் படியிறங்கி, கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றாள். எனக்கு வந்த கோபத்தில் தட்டையெல்லாம் போட்டு உருட்டினேன். அந்த ஊரைத் திட்டினேன், ஆபீசைத் திட்டினேன், முன்பக்கம் தின்றவர்களைத் திட்டினேன், அந்த மனுஷரையும் திட்டினேன். நம்மோடு வந்திருந்தால் இங்கே உட்கார்ந்திருப்பாரே, யார் கேட்டார்கள் அவரை என்றேன்.

அக்கா கதவைச் சாத்தவில்லை. படிக்கட்டின் இருட்டைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு கேட்டிருந்தா நான் நின்னுருப்பேன்."